முதலாளி வகுப்பு

கம்பம்
3 செப்டம்பர் 2024

பாஜிலாவுக்கு,

ஸலாம். அது கடமை, சொல்லியாயிற்று.

உத்தமபாளையத்துக் கல்யாணப் பந்தியில் சம்பந்தக்காரர்கள் முன்னால் நீ என்னைப் பேசிய பேச்சுக்கு, இனி உன்னிடம் வாய் திறந்து பேசுவதில்லை என்று சத்தியம் செய்தேன். இரண்டு வருஷமாகக் காப்பாற்றியும் வருகிறேன். ஆனால் எழுத மாட்டேன் என்று சத்தியம் செய்யவில்லை. வியாபாரி புத்தி, அன்றைக்கே ஒரு ஓட்டையை விட்டு வைத்தேன். கோயம்புத்தூருக்குக் காய் ஏற்றி வருகிற நம் லாரி டிரைவர் அஜய்குமாரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவனிடமே கொடு. போன் செய்யாதே, எடுக்க மாட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் ஷெட்டில் பேக்கிங் ஆகிற வாழைக்காயைக் கொச்சியில் வாங்கி துபாய்க்கு அனுப்புகிற கம்பெனி, டிசம்பர் 12 அன்று சோதனைக்கு ஆள் அனுப்புகிறது. காயை எப்படி வெட்டுவது, கழுவுவது, அடுக்குவது என்று வேலை பார்க்கிற பொம்பளைகளிடமே கேள்வி கேட்பார்களாம். அவர்கள் முழித்தால் ஆர்டர் போச்சு. ஆர்டர் போனால் ஷெட்டைப் பூட்டிவிட்டு முப்பத்தெட்டுப் பேரும் களை பறிக்கப் போக வேண்டியதுதான். போதாததற்கு, பயிற்சி செல்போனில்தான் நடக்க வேண்டும், யார் எப்போது படித்தார்கள் என்று பதிவு இருக்க வேண்டும் என்று ஒரு சட்டம். அதற்கு மூன்று கம்பெனிகளின் பெயரைக் கொடுத்தார்கள். விலை குறைந்ததைப் பிடித்தேன். கையெழுத்துப் போட்ட பிறகுதான் தெரிந்தது, அங்கே பாடம் தயாரிக்கிற மகராசி நீ என்று.

உன் பாடத்தின் லட்சணத்தைக் கேள். முதல் பாடத்தில், "சீப்பை நீரில் மெதுவாக அமிழ்த்தவும்" என்று ஒரு குரல். கூடவே படம். தலை வாருகிற சீப்பு! ரோஸ் கலரில், பல் பல்லாக. இருபது வருஷமாகத் தார் வெட்டுகிற அய்யம்மாள் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்கிறாள்: "மொதலாளி, தலைக்கு எண்ணெய் வச்சிட்டு வரணுமா, வைக்காம வரணுமா?" நம் வீட்டு உத்தரத்தில் வாழைச்சீப்பு தொங்காத நாள் உண்டா? கோயம்புத்தூர் தண்ணீர் குடித்ததும் சீப்பு என்றால் தலைக்கு மட்டும்தான் என்று ஆகிவிட்டதா?

இரண்டாம் பாடத்தில், "அன்பார்ந்த பணியாளரே, தாங்கள் கையுறை அணிந்துள்ளீர்களா?" 'தாங்கள்' என்றதும் அய்யம்மாள் பின்னால் திரும்பி, யார் வந்திருப்பது என்று பார்த்தாள்.

அப்புறம் அந்த மணி. பதினோரு மணி ஆனால் பாடம் படிக்கச் சொல்லி எல்லாப் போனும் அடிக்கிறது. அந்த நேரத்தில் அவர்கள் கை படிகாரத் தண்ணீருக்குள் இருக்கும், விரலெல்லாம் வாழைப்பால். போன்கள் கேட்டில் பெட்டிக்குள் இருக்கும். முப்பத்தெட்டும் சேர்ந்து அலறியதில் வாட்ச்மேன் நாற்காலியோடு சாய்ந்தான்.

இதற்குப் பெயர் பயிற்சியா? சரிசெய். இல்லையென்றால் இரண்டாவது விலைக்காரனிடம் போகிறேன்.

முஜிபுர் ரஹ்மான்


கோயம்புத்தூர்
9 செப்டம்பர் 2024

அண்ணனுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உடன்பிறந்தவர்கள் மூன்று நாளைக்கு மேல் பேசாமல் இருக்கக் கூடாது என்று வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் பயானில் ஹஸ்ரத் எத்தனையோ முறை சொல்லியிருப்பார். முன் வரிசையில் உட்கார்ந்துதானே கேட்கிறீர்கள்?

சீப்பு என் தப்பு. படம் வரைந்தது பெங்களூரில். வந்ததைப் பார்க்காமல் அனுப்பினேன். எடுத்துவிட்டேன். 'தாங்கள்' என்பதையும் எடுத்துவிட்டேன். உங்கள் ஷெட்டில் மரியாதைச் சொல் கேட்டால் ஆட்கள் மிரண்டு போவார்கள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். "போன்கள் கேட்டில் பெட்டிக்குள் இருக்கும்" என்று எழுதியபோது உங்களுக்கே சிரிப்பு வரவில்லையா? செல்போனில் பயிற்சி கொடுக்கிறேன் என்று கொச்சிக்காரர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, செல்போனை வாசலிலேயே பிடுங்கிப் பூட்டுகிறீர்கள். பாடம் எங்கே நடக்கும்? பெட்டிக்குள் போனும் போனும் பேசிக்கொண்டு பாஸ் ஆகிவிடுமா?

மொத்தம் ஒன்பது பாடம். ஒவ்வொன்றும் மூன்று நிமிஷம். கடைசியில் இருபது கேள்வி. காலையில் கை நனைவதற்கு முன்னால் அந்த மூன்று நிமிஷத்தை மட்டும் கொடுங்கள். வேறு எதையும் கேட்கவில்லை.

அதற்கும் மனசு வராவிட்டால் இப்போதே சொல்லிவிடுங்கள். நடக்காத பாடத்துக்கு நான் சர்டிபிகேட் கொடுக்க மாட்டேன். பந்தியில் நான் சொன்னது, "எங்க அண்ணன்கிட்ட ஆளுக வேலை பார்க்கல, வசவு வாங்குறாக" என்பதுதான். இரண்டு வருஷம் யோசித்துப் பார்த்தேன், அதில் திருத்த ஒரு எழுத்தும் இல்லை.

பாஜிலா


கம்பம்
30 செப்டம்பர் 2024

பாஜிலாவுக்கு,

மூன்று நிமிஷமாம். முப்பத்தெட்டுப் பேர் ஆளுக்கு மூன்று நிமிஷம் நின்றால் எனக்கு ஒரு நாளில் இரண்டு மணி நேர வேலை போகிறது. பி.எஸ்ஸி. கணக்கு படித்தவளுக்கு இந்தப் பெருக்கல் வராதா? மாசச் சம்பளக்காரிக்கு நிமிஷம் என்றால் கடிகாரத்தில் இருப்பது. வெட்டிய காய் வெயிலில் கிடக்கிற எனக்கு அப்படி இல்லை.

ஆனாலும் முடித்துக் காட்டினேன். உன் கம்ப்யூட்டரைத் திறந்து பார். முப்பத்தெட்டுப் பேரும் பாஸ். ஒவ்வொருத்தியும் இருபதுக்குப் பத்தொன்பது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று நீ நினைத்திருப்பாய். என் ஷெட்டுத் தண்ணீர் அப்படி.

சர்டிபிகேட்டுகளை அஜய்குமாரிடம் கொடுத்தனுப்பு. மழையில் நனையாமல் பிளாஸ்டிக் கவரில் போடு.

முஜிபுர் ரஹ்மான்


கோயம்புத்தூர்
5 அக்டோபர் 2024

அண்ணனுக்கு,

கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். நீங்கள் திறந்து பார்த்திருந்தால் அந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டீர்கள்.

செப்டம்பர் 27. முதல் ஆள் மதியம் இரண்டு பத்துக்குப் பரீட்சை முடிக்கிறாள். இரண்டாவது ஆள் இரண்டே கால். மூன்றாவது இரண்டு இருபது. இப்படியே ஐந்து ஐந்து நிமிஷமாகக் கடைசி ஆள் ஐந்தேகாலுக்கு முடிக்கிறாள். அன்றைக்குப் பாடத்தை ஒருத்தியும் திறக்கவில்லை, நேராகப் பரீட்சை. முப்பத்தெட்டுப் பேருக்கும் பத்தொன்பது. முப்பத்தெட்டுப் பேருக்கும் தப்பானது ஒரே கேள்வி, பதினாலாவது.

"கத்தி பட்டு ரத்தம் வந்தால் என்ன செய்வீர்கள்?" அதற்கு எல்லாருடைய பதிலும்: "வாழைப்பாலைத் தடவிவிட்டு வேலையைத் தொடர்வேன்."

அந்தப் பதிலை நான்தான் எழுதி வைத்தேன். தேனியைத் தாண்டி ஒருவரும் அதில் விழுந்ததில்லை. வாழைத்தோட்டத்தில் வளர்ந்தவன்தான் தயங்காமல் தொடுவான். உங்கள் சூப்பர்வைசர் ஈஸ்வரபாண்டியின் கட்டைவிரலில் வாழைப்பால் தடவிக் கறுத்த தழும்பை நானும் பார்த்திருக்கிறேன். பாவம், மற்ற பத்தொன்பதையும் அவர் சரியாகத்தான் அமுக்கியிருக்கிறார். பெட்டியில் கிடந்த போன்களை எடுத்து ஒவ்வொன்றாக அமுக்கச் சொல்லி அவரை உட்கார வைத்தது யார் என்று நான் கேட்கப் போவதில்லை.

துபாயில் ஒருவர் பெட்டியைத் திறக்கும்போது ரத்தக் கறையோடு காய் இருந்தால், அப்போதும் உங்கள் ஷெட்டுத் தண்ணீர் அப்படி என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

எல்லா மார்க்கையும் அழித்துவிட்டேன். முப்பத்தெட்டும் பூஜ்யம். சோதனைக்கு அறுபத்தெட்டு நாள் இருக்கிறது. நானே வந்து பார்க்க வேண்டும். உங்கள் சத்தியத்துக்குப் பங்கம் வராமல், நீங்கள் ஊரில் இல்லாத நாளாகச் சொல்லுங்கள்.

பாஜிலா


கம்பம்
8 அக்டோபர் 2024

பாஜிலாவுக்கு,

அமுக்கச் சொன்னது நான்தான். மறைக்க ஒன்றுமில்லை. வேலை நடக்க வேண்டும், பேப்பரும் நடக்க வேண்டும் என்றால் இரண்டையும் ஒரே ஆள் செய்ய முடியாது.

18ஆம் தேதி நான் கொச்சிக்குப் போகிறேன். வந்து பார்த்துக்கொள். பார்ப்பதற்கு என்ன இருக்கிறதோ. டீ கொடுப்பார்கள்.

முஜிபுர் ரஹ்மான்


கோயம்புத்தூர்
20 அக்டோபர் 2024

அண்ணனுக்கு,

வந்தேன். டீ கொடுத்தார்கள்.

ஷெட்டுக்கு நேராகப் போகவில்லை. காலையில் ராயப்பன்பட்டியில் ஆட்களை ஏற்றுகிற உங்கள் வேனிலேயே ஏறிக்கொண்டேன். சுருளிப்பட்டியில் மிச்சப் பேரை ஏற்றிக்கொண்டு ஷெட்டுக்கு வர முக்கால் மணி நேரம் ஆகிறது. அந்த முக்கால் மணி நேரமும் கை காய்ந்திருக்கிறது. போன் அவரவர் மடியில் இருக்கிறது. இதை நீங்கள் சொல்லவில்லை, காரில் வருகிற உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமும் இல்லை. தெரியாமலே ஒன்பது பாடம் போட்ட நானும் உங்களைவிடப் பெரிய ஆள் ஒன்றுமில்லை.

வேன் கிளம்பியதும் டிரைவர் ஸ்பீக்கரைப் போட்டார். பாட்டு வரும் என்று பார்த்தால், வந்தது நீங்கள்.

நான் எழுந்தே விட்டேன். கொச்சியிலிருந்து திரும்பிவிட்டீர்களோ என்று. பக்கத்தில் இருந்த அய்யம்மாள் என் சேலையைப் பிடித்து உட்கார வைத்தாள். "ஒக்காரு ஆத்தா, அது ஒங்கண்ணன் இல்ல. நம்ம மகிமா."

மரியராஜ் மகள் மகிமா. காலேஜைப் பாதியில் விட்டுவிட்டு உங்கள் ஷெட்டில் ஸ்டிக்கர் ஒட்டுகிற பெண். உங்கள் குரலில் பேசிப் பதிவு செய்து தினம் ஒன்று வாட்ஸப் குழுவில் போடுகிறாள். குழுவின் பெயர் 'முதலாளி வகுப்பு'. நீங்கள் ஒருவரைத் தவிர ஷெட்டில் எல்லாரும் அதில் இருக்கிறார்கள், ஈஸ்வரபாண்டி உட்பட. கேட்டதை அப்படியே எழுதுகிறேன்:

"ஏலே! தாரு என்ன ஒன் மாமியாளா, ஓங்கிப் போடுற? பச்சப்புள்ளையக் கிடத்துற மாதிரி எறக்கு. காம்பு ஒடிஞ்சா நீயா ஒட்டித் தருவ?"

"சீப்பைப் படிகாரத் தண்ணியில போட்டியா? பத்து நிமிசம் அதுபாட்டுக்குக் கிடக்கட்டும், பால் எறங்கணும். நடுவுல நடுவுல கையை விடாத, அது என்ன ஊர்ப் பஞ்சாயத்தா?"

"நகத்தைக் காட்டு. இது நகமா, மம்பட்டியா? இன்னைக்கு நீ கீறுனது துபாய் போயி கறுத்து நிக்கும். அங்கன போயி நான் பவுடரா பூசுவேன்?"

"கத்தி கீழ விழுந்துச்சா? கழுவு. துணியில தொடைச்சா அது கழுவுனதாகாது. நான் குளிக்காம அத்தர் பூசிட்டு வருவேன்ல, அந்த மாதிரி."

வேன் சிரித்த சிரிப்பில் டிரைவர் ஓரங்கட்டினார்.

அண்ணா, இதில் இருப்பது என் ஒன்பது பாடமும்தான். ஒன்று விடாமல். நான் வருஷக்கணக்காகப் படித்து வந்த எந்த முறையிலும் இப்படி ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றதில்லை. மகிமா பேசியதையே பாடமாக வைக்க விரும்புகிறேன். கிண்டல் உங்களைப் பற்றியது என்பதால் உங்கள் சம்மதம் வேண்டும். எழுத்தில்.

பாஜிலா


கம்பம்
22 அக்டோபர் 2024

பாஜிலா,

நான் ஐந்து வேளைத் தொழுகைக்கும் கை கால் முகம் கழுவி ஒளு செய்கிறவன். குளிக்காமல் அத்தர் பூசுகிறேனா?

பதினாறு வயசில் சைக்கிள் கேரியரில் நாலு தார் கட்டி, சின்னமனூர் சந்தைக்கு மிதித்தவன் நான். கீழே விழுந்து முழங்கால் சிராய்த்தபோது பாடம் சொல்லிக் கொடுக்க எவனும் போன் கொண்டுவரவில்லை. அந்த ஷெட்டின் ஒவ்வொரு தகரத்துக்கும் நான் பேரம் பேசியிருக்கிறேன். இன்றைக்கு நான் கொடுக்கிற வேனில், நான் போடுகிற டீசலில் உட்கார்ந்துகொண்டு என்னைக் கூத்தாடி ஆக்குகிறார்கள். என் கூடப் பிறந்தவள் அதை உட்கார்ந்து எழுதி எடுத்து, லாரியில் எனக்கே அனுப்புகிறாள். பந்தியில் நீ பேசியதையாவது நாற்பது பேர் கேட்டார்கள். இதைத் தினமும் கேட்கிறார்கள்.

மகிமாவை நேற்றே வேலையை விட்டு அனுப்பிவிட்டேன். வேனில் இருந்த ஸ்பீக்கரைப் பிடுங்கியாயிற்று. ஈஸ்வரபாண்டியைக் கூப்பிட்டு, "ஏன்டா, நீயுமா?" என்றேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்குச் சிரிப்பே வரலங்க மொதலாளி, பாடத்துக்காகத்தான் கேட்டேன்" என்கிறான். இவனை வைத்துக்கொண்டு நான் துபாய்க்கு அனுப்புகிறேன்.

சம்மதமா கேட்கிறாய்? உனக்கு என்னைக் கண்டால் இளக்காரம், அதற்கு ஒரு கம்பெனி, ஒரு கம்ப்யூட்டர். ஆர்டர் போனால் போகட்டும்.

முஜிபுர் ரஹ்மான்


கோயம்புத்தூர்
29 அக்டோபர் 2024

அண்ணனுக்கு,

ஆர்டர் போகட்டும் என்று நீங்கள் எழுதியதை நான் நம்பவில்லை. முப்பது பைசாவுக்காகத் திண்டுக்கல்வரை போய்ச் சண்டை போட்டவர் நீங்கள்.

அய்யம்மாள் போனில் பேசினாள். வேனில் இப்போது யாரும் வாய் திறப்பதில்லையாம். ஷெட்டில் நீங்கள் வந்தால் குனிகிறார்கள், போனால் நிமிர்கிறார்கள். போன வாரம் பதினோரு பெட்டி காய் நகக்கீறலோடு போய்க் கொச்சியில் கழிக்கப்பட்டதாமே, எனக்கு எழுதவில்லையே? யார் கீறியது என்று நீங்கள் கத்தினீர்களாம். என்ன கத்தினீர்கள் என்றும் கேட்டு வைத்தேன்: "ஏலே, கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?" இதில் ஒருத்தி கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? கண் பின்னந்தலையில் இல்லை என்பது அவளுக்கு ஏற்கெனவே தெரியும்.

உங்கள் கோபத்தில் ஒரு தப்பு இருக்கிறது. மகிமா உங்களை அப்படியே காட்டினாள் என்று நினைக்கிறீர்கள். இல்லை. பத்து நிமிஷம் ஏன் ஊற வேண்டும் என்று நீங்கள் யாருக்காவது சொன்னதுண்டா? நகம் பட்டால் துபாயில் என்ன ஆகும் என்று சொன்னதுண்டா? கத்தி விழுந்தால் கழுவச் சொன்னதுண்டா? அந்தக் குரலில் 'ஏலே' மட்டும்தான் உங்களுடையது. பாடம் என்னுடையது. முப்பத்தெட்டுப் பேரில் என் ஒன்பதையும் உட்கார்ந்து கேட்டவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள், "அது என்னதான்டி சொல்லுது?" என்று கேட்க, அவர்களுக்குப் புரிகிற ஒரே குரலில் எடுத்துச் சொல்லியிருக்கிறாள். என் பாடம் ஒருத்தியோடு நின்றது எனக்குக் கேவலம். மிச்சப் பேருக்கு எட்ட உங்கள் வசவு தேவைப்பட்டது உங்களுக்குக் கேவலம். நாம் இருவரும் சமம்.

கோயம்புத்தூர் திரும்பிய பிறகு இருபத்திரண்டு பேரைப் போனில் கூப்பிட்டு அந்த இருபது கேள்விகளையும் கேட்டேன். வாழைப்பால் கேள்வியைக்கூட ஒருத்தியும் தப்பாகச் சொல்லவில்லை. "ரத்தம் வந்தா வெளிய போ, ஒன் வீரத்தைக் காட்ட இது சல்லிக்கட்டா" என்று பதில் வருகிறது. எல்லாம் உங்கள் குரலில்.

நாற்பத்துநாலு நாள் இருக்கிறது. உங்களுக்கு மானம் வேண்டுமா, ஷெட் வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள். மானம் என்றால், பூட்டிய ஷெட்டுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளலாம். யாரும் சிரிக்க மாட்டார்கள். அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

பாஜிலா


கம்பம்
4 நவம்பர் 2024

பாஜிலாவுக்கு,

பதினோரு பெட்டி இல்லை, பதினாலு. உன் உளவாளிக்கு எண்ணத் தெரியவில்லை.

நேற்று ராயப்பன்பட்டிக்குப் போனேன். மரியராஜ் கோயிலில் இருந்து அப்போதுதான் வந்திருந்தான். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து சட்டையைத் தேடினான். மகள் எழுந்திருக்கவில்லை. வாசலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, நாளைக்கு வேலைக்கு வந்துரு" என்றேன்.

"எந்த வேலைக்கு மொதலாளி? ஸ்டிக்கர் ஒட்டவா, ஒங்க மாதிரிப் பேசவா?"

"ரெண்டும்."

"அப்ப பேரு போட்டு ரெண்டு அட்டை வேணும். பேக்கிங்னு ஒண்ணு, பயிற்சியாளர்னு ஒண்ணு."

கழுத்தில் தொங்குகிற அட்டைதான். கொடுக்கிறேன் என்றேன். அடுத்தது, வேன் வந்து சேர்கிறவரை போனை யாரும் கேட்கக் கூடாது, ஸ்பீக்கர் திரும்ப வர வேண்டும் என்றாள். சரி என்றேன். மரியராஜ் நடுவில், "போதும்டி, மொதலாளி வீடு தேடி வந்திருக்காக" என்கிறான். அவள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உன்னைச் சின்ன வயசில் பார்த்த மாதிரி இருந்தது. அதே திமிர்.

"எல்லாம் சரி. அந்த அத்தரை மட்டும் எடுத்துரு" என்றேன்.

"அதை எடுத்தா கத்தி கழுவுறது மறந்துரும் மொதலாளி. அதுலதான் அது தொங்கிக்கிட்டிருக்கு."

"பவுடர்னு மாத்திக்க."

"பவுடர் நகத்துக்கு வந்துருச்சு. அதுவுமில்லாம பவுடருக்குச் சிரிப்பு வராது."

"செண்டு?"

"செண்டு நீங்க போடுறதில்லையே. பொய் சொன்னா ஆளுக நம்ப மாட்டாக."

முப்பது வருஷமாகக் கேரளாக்காரனிடம் பேரம் பேசுகிறேன். இப்படி ஒரு இடத்தில் நான் ஒரு படிகூட இறக்க முடியாமல் எழுந்து வந்ததில்லை.

ஆகவே சம்மதம். எழுத்தில் கேட்டாய், இதுதான் எழுத்து. இரண்டு நிபந்தனை. நம் அத்தா பெயரை இதில் இழுக்கக் கூடாது. இந்தப் பாடத்தை வேறு எந்த ஷெட்டுக்கும் விற்கக் கூடாது, ஓடைப்பட்டி திராட்சைக்காரர்களுக்கு நிச்சயமாகக் கூடாது. அங்கே எனக்கு வரவேண்டிய பாக்கி இருக்கிறது. என்னைப் பார்த்துச் சிரித்தபடி அவர்கள் அதைக் கொடுக்கக் கூடாது.

முஜிபுர் ரஹ்மான்


கம்பம்
13 டிசம்பர் 2024

பாஜிலாவுக்கு,

சோதனை முடிந்தது. நடந்ததை வேறு யாராவது உனக்குச் சொல்வதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன்.

கொச்சியில் இருந்து வந்தது ஜெசி என்று ஒரு அம்மா. பாதி மலையாளம், பாதி தமிழ், முகத்தில் சிரிப்பே கிடையாது. தலையில் வலை மாட்டிக்கொண்டு, கையில் அட்டையும் பேனாவுமாக ஷெட்டுக்குள் போனார். நான் வாசலுக்கு வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

முதலில் அய்யம்மாளிடம் போனார். "கத்தி தாழ வீணால், கீழ விழுந்தால், எந்து செய்யும்?"

"கழுவணும்மா."

"துணி கொண்டு தொடச்சால் மதியோ?"

"பத்தாதும்மா. தொடைச்சா அது கழுவுனதாகாது. எங்க மொதலாளி..." என்று ஆரம்பித்தவள், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என்னைப் பார்த்துவிட்டாள். முப்பத்தேழு பேரும் தொட்டிக்குள் தலையைக் குனிந்துகொண்டார்கள், தோள் மட்டும் குலுங்குகிறது. "முதலாளி?" என்று அந்த அம்மா விடாமல் கேட்கிறார். "எங்க மொதலாளி நல்லா சொல்லிக் குடுத்திருக்காகம்மா" என்று முடித்தாள் அய்யம்மாள். அந்தப் பொய்க்கு அவளுக்கு நான் ஏதாவது செய்ய வேண்டும்.

பத்துப் பேரிடம் கேட்டார். பத்தும் சரி. எழுதிக்கொண்டே வந்தார். எனக்குத் தெம்பு வந்துவிட்டது. எல்லாம் நல்லபடியாக முடிகிறது, உள்ளே போய் நாலு வார்த்தை பேசி அனுப்பிவைப்போம் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிப் பக்கம் போனேன்.

மகிமா நிமிர்ந்தாள். என்னை நேராகப் பார்த்தாள். பார்த்துவிட்டு, என் குரலில், அந்த அம்மா பக்கத்தில் நிற்கும்போதே சொல்கிறாள்:

"யாருப்பா அது, வாட்சும் மோதிரமுமா உள்ள வாரது? இது என்ன கலியாண வீடா? கழட்டி வெளிய வச்சிட்டு, தலைக்கு வலை மாட்டிட்டு, கையைக் கழுவிட்டு வா. இல்லாட்டி அங்கனயே நில்லு."

ஈஸ்வரபாண்டி தூணுக்குப் பின்னால் போய்விட்டான். என் வாயில் வந்ததை நான் எழுதப் போவதில்லை. அது வெளியே வரவும் இல்லை. ஏனென்றால் அந்த அம்மாவின் பேனா பேப்பரில் இருந்து எழும்பி நின்றது. நான் என்ன செய்கிறேன் என்று பார்க்கிறது.

திரும்பி வெளியே போனேன். என் ஷெட்டில் இருந்து, என் காலால்.

பிறகு ஆபீசில் உட்கார்ந்து கையெழுத்துப் போடும்போது சொன்னார்: "நான் நூற்றுக்கும் மேல ஷெட் கண்டிருக்கு. தொழிலாளி முதலாளியைத் தடுத்து நிறுத்தியது இங்கதான் கண்டது. ஆளுகளுக்கு எல்லாம் டிரெயினிங் கொள்ளாம், நல்லா உண்டு. முதலாளிக்கு மாத்ரம் இல்லா." ஆர்டர் நிற்கிறது. ஆனால் ஷெட்டுக்குள் போகிற ஒவ்வொருவரும் பயிற்சி முடித்திருக்க வேண்டுமாம், முதலாளி உட்பட. பதினைந்து நாளில் என் சர்டிபிகேட் போகாவிட்டால் நான் என் ஷெட்டுக்குள் நுழையக் கூடாது என்று எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இப்போது சந்தோஷமா?

முஜிபுர் ரஹ்மான்


கோயம்புத்தூர்
16 டிசம்பர் 2024

அண்ணனுக்கு,

சந்தோஷம்தான். மறைக்க ஒன்றுமில்லை.

பாடம் கேட்டு ஒழுங்காகப் பாஸான முப்பத்தெட்டுப் பேரின் சர்டிபிகேட்டுகளும் இத்துடன், பிளாஸ்டிக் கவரில். முப்பத்தொன்பதாவது உங்கள் பெயரில் காத்திருக்கிறது. போனில் ஏற்றிக்கொள்ளும் விவரம் தனித்தாளில். ஒவ்வொரு பாடமாகக் கேட்டு முடித்தால்தான் அடுத்தது திறக்கும், இந்த முறை நேராகப் பரீட்சைக்குப் போக முடியாது. ஈஸ்வரபாண்டியை உட்கார வைக்க வேண்டாம், எனக்குத் தெரிந்துவிடும்.

பாஜிலா


கம்பம்
21 டிசம்பர் 2024

பாஜிலாவுக்கு,

வீட்டில் கேட்க முடியாது, உன் மதினி சிரிப்பாள். ஆபீசில் ஈஸ்வரபாண்டி. பள்ளிவாசல் பக்கம் நினைத்தே பார்க்க முடியாது. கடைசியில் சுருளிப்பட்டி ரோட்டில் தென்னந்தோப்பு ஓரமாகக் காரை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்டேன்.

முதல் பாடத்தில் தாரை இறக்கச் சொல்லி மகிமா என் குரலில் என்னையே 'ஏலே' என்று கூப்பிட்டாள். அணைத்துவிட்டேன். மறுபடி போட்டேன். மூன்றாவதில் படிகாரத் தண்ணீர் ஏன் பத்து நிமிஷம் என்று வந்தது. முப்பது வருஷமாக ஊற வைக்கிறேன், பால் இறங்குவதற்கு என்று தெரியும், பத்துக்கு முன்னால் எடுத்தால் மிச்சப் பால் பெட்டிக்குள்தான் வடிந்து மற்ற காயையும் கறையாக்கும் என்று இப்போதுதான் தெரியும். நான் ஏழில் எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். இதை நீ யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் புள்ளைக்கு என் குரல் சரியாக வரவில்லை. நான் இவ்வளவு கட்டையாகப் பேசுவதில்லை.

ஆறாவது பாடம் நகை. "வாட்சைக் கழட்டுனியா? நான் பார்க்கலைன்னு நினைச்சியா? கழட்டு, பெறகு மேல போவோம்" என்று சொல்லிவிட்டு அந்த இடத்தில் கொஞ்ச நேரம் சும்மா இருக்கிறது, கழற்றுவதற்கு நேரம் விட்டிருக்கிறாள். காருக்குள் என்னைத் தவிர ஆள் இல்லை. வெளியே தோப்பில் ஒரு மாடு மட்டும் நின்றது.

கழற்றி டேஷ்போர்டில் வைத்துவிட்டு ஏழாவதை அமுக்கினேன்.

முஜிபுர் ரஹ்மான்